மாதிரி அக்காவின் நீலக் கட்டங்கள்

எங்கள் கடையில் நாற்காலி இரண்டே இரண்டு. ஒன்று பில் போடுகிறவருக்கு, இன்னொன்று ஸ்கேலுக்கு. ஸ்கேல் என்பது எங்கள் மேனேஜர். ஆள் நேராக நிற்பார், நேராக நடப்பார், அலமாரியில் ஒரு பெட்டி அரை விரல் துருத்திக்கொண்டிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். மற்ற பன்னிரண்டு பேரும் காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை நிற்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்திலும் நிற்க வேண்டும். உட்கார்ந்திருக்கிற விற்பனையாளரைப் பார்த்தால் கடையே தூங்குவதுபோல் வாடிக்கையாளருக்குத் தோன்றுமாம். இதைக் கண்டுபிடித்த மகானை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவர் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் பேனா கவுண்டர். எனக்கு எதிரே, மூன்றடிப் பாதைக்கு அந்தப் பக்கம், நோட்டுக் கவுண்டரில் அக்கா. கூடப் பிறந்த அக்கா இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கடைக்கு நான் வந்த முதல் நாளே சாப்பாட்டு அறையில் தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தவர், அதனால் அக்கா. பதினொரு வருஷமாக அதே கவுண்டர். தரையில் அவர் நிற்கும் இடத்தில் டைல்ஸின் பளபளப்பு போய்விட்டது. நான் சொல்வது மிகையில்லை, வந்து பார்த்தால் தெரியும்.

அவருடைய வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். அவர் நாளெல்லாம் உட்கார்ந்து முதுகு வலி என்பார், இவர் நாளெல்லாம் நின்று கால் வலி என்பார். "எங்க ரெண்டு பேர்ல நல்லா இருக்கறதை மட்டும் எடுத்துச் சேர்த்தா ஒரு முழு ஆள் தேறும் தம்பி" என்று அக்கா சொல்வதுண்டு. மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். அக்காவுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது, புதன்தான். அதனால் அந்தப் போனை வீட்டுக்காரர்தான் எடுப்பார், இரவு சாப்பிடும்போது மகள் என்ன சொன்னாள் என்பதைச் சுருக்கிச் சொல்வார். சுருக்குவதில் அவர் கெட்டிக்காரர். "நல்லா இருக்காளாம்" என்பதோடு முடித்துவிடுவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கடைக்கு அந்த வளைய நோட்டு வந்தது. தோல்மாதிரி அட்டை, உள்ளே ஆறு வளையம், தாள் தனியாக. கோடு போட்டது, கட்டம் போட்டது, புள்ளி வைத்தது, வெறும் தாள் என்று வேண்டியதைப் பொறுக்கி எடுத்து வளையத்தைத் திறந்து மாட்டிக்கொள்ளலாம். இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒரு பக்கம், வீட்டுச் சாமான் ஒரு பக்கம், பழக்கங்களைக் கட்டம் கட்டமாக நிரப்ப ஒரு பக்கம். முடியாத வேலைக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி போட்டால் அது மறுநாளுக்குப் போகிறது என்று அர்த்தம். வருஷப் பிறப்பில் ஜனங்கள் இதை அள்ளிக்கொண்டு போவார்கள். ஒரே வாரத்தில் வாழ்க்கை சீராகிவிடப்போகிற முகத்தோடு என்னிடம் வந்து ஐந்து கலர் பேனா கேட்பார்கள். மூன்றாம் மாதம் பார்த்தால் தாள் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். நான் குறை சொல்லவில்லை. எனக்கும் விற்பனைதான் முக்கியம்.

வந்த புதிதில் அது விற்கவில்லை. வெறும் வளையத்தையும் வெறும் தாளையும் பார்த்து யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஸ்கேல் யோசித்து ஒரு பிரதியைப் பிரித்து அக்காவிடம் கொடுத்தார்.

"உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும். ஒரு மாசத்துக்கு நிரப்பி வைங்க. பாக்கறவங்களுக்கு ஆசை வரணும்."

"யாரோட மாசம் சார்?"

"யாரோ ஒருத்தரோடது. மாதிரிதானே."

அக்கா யாரோ ஒருத்தியை உண்டாக்கினார். அந்த ஒருத்தி காலை ஐந்து மணிக்கு எழுந்தாள், நடை போனாள், வாரம் ஒரு புத்தகம் படித்தாள், செடிகளுக்கு வரிசையாகத் தண்ணீர் ஊற்றினாள், சிநேகிதிகளைப் பார்க்கப் போனாள். ஒரு வேலைக்குக்கூட அம்புக்குறி கிடையாது. நோட்டு விற்க ஆரம்பித்தது. அன்றிலிருந்து கடையில் அவருக்கு மாதிரி அக்கா என்று பெயர்.

மாதிரிப் பிரதியில் அவருடைய சொந்த விஷயம் எப்போது நுழைந்தது என்று எனக்குத் தேதி தெரியாது. எங்கள் கடையில் வேலை நேரத்தில் போன் லாக்கரில்தான் இருக்க வேண்டும். சொந்தத் தாள், சொந்தப் பேனா எதுவும் உள்ளே வரக்கூடாது, கடைச் சாமானோடு கலந்துவிடும் என்று வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கான நோட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு, ஞாபகத்துக்கு ஒரு வரி எழுத இடமில்லாத பிழைப்பு. எழுத அனுமதி இருந்த ஒரே காகிதம் அந்த மாதிரிப் பிரதி. முதலில் 'ரேஷன் கடை' என்று ஒரு வரி வந்தது. பிறகு 'மகளுக்குப் போன்' என்று வந்தது, பக்கத்தில் அம்புக்குறி. பிறகு 'டாக்டர்'. அந்த டாக்டர் எட்டு வாரம் அம்புக்குறியிலேயே போய்க்கொண்டிருந்தார்.

எல்லோரும் புரட்டிப் பார்க்கிற நோட்டுதான். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. மாதிரி என்று மேலே எழுதியிருந்தால் உள்ளே உயிரையே எழுதி வைத்தாலும் மாதிரிதான்.

டாக்டரிடம் அக்கா கடைசியில் போனார், கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிக்க ஆரம்பித்த பிறகு. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய்களைப் பார்க்கிற லேடி டாக்டர். அவர் சொன்னதை மறுநாள் அக்கா எனக்கு அப்படியே சொன்னார்.

"இப்படியே இன்னொரு வருஷம் நின்னா தோல் வெடிச்சுப் புண்ணாயிடுமாம் தம்பி. ஆறவே ஆறாதாம். உட்கார்ந்து செய்யற வேலை கேளுங்கன்னாங்க. கேட்டா குடுப்பாங்களான்னேன். நான் லெட்டர் தரேன், ஆனா சும்மா வலிக்குதுன்னு எழுதினா உங்க ஆபீஸ்ல மதிக்க மாட்டாங்க, ஒரு மாசம் மணிக்கு மணி எழுதிட்டு வாங்க, எத்தனை மணி நேரம் நின்னீங்க, எப்ப வலி, எப்ப வீக்கம்னு. அதை வெச்சு எழுதறேன்னாங்க."

"ராத்திரி வீட்டுக்குப் போய் எழுதுங்களேன்."

"வீட்டுக்குப் போனா வலி மட்டும்தான் ஞாபகம் இருக்கு. மணி ஞாபகம் இல்லை."

ஆகவே கட்டத்தாளில் எழுதினார். முப்பது நாளுக்கு முப்பது வரிசை, பத்து மணி நேரத்துக்குப் பத்துக் கட்டம். கலர் நான்தான் கொடுத்தேன். என் கவுண்டரில் எழுதிப் பார்ப்பதற்காகத் திறந்து வைத்திருக்கும் பேனாக்கள் உண்டு. ஒவ்வொரு மணிக்கும் நான் ஒன்றை நீட்டுவேன், பாதையைத் தாண்டி அவர் கை நீட்டி வாங்குவார். சும்மா நின்றிருந்தால் வெளிர்நீலம். வலித்தால் கருநீலம். செருப்பு வார் பதியும்படி வீங்கினால் கத்தரிப்பூ நிறம். உட்கார்ந்தால் வெள்ளை. உட்காருவது சாப்பாட்டு நேரம் அரை மணிதான், அதனால் நான்காவது கட்டத்தில் பாதி மட்டும் வெள்ளை. புதன்கிழமை வரிசை முழு வெள்ளை. மாத முடிவில் அந்தத் தாள், உண்மையைச் சொல்கிறேன், அழகாக இருந்தது. இடப்பக்கம் வெளிர்ந்து வலப்பக்கம் போகப்போகக் கறுத்து, நடுவில் மெல்லிய வெள்ளைக்கோடு ஓடி. அதன் அழகைப் பார்க்க எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

டாக்டர் அடுத்து வரச் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதுவரை தாள் வளையத்திலேயே இருக்கட்டும், போவதற்கு முந்தின நாள் ஸ்கேலிடம் பழைய தாள் என்று சொல்லி வாங்கிக்கொள்ளலாம் என்று அக்கா விட்டு வைத்தார்.

மறுநாளே தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். விளம்பரம் பார்க்கிறவர். அக்கா சாப்பிடப் போயிருந்தார். மேடம் மாதிரிப் பிரதியைப் புரட்டினார், கட்டத்தாளில் நின்றார். ஸ்கேல் பக்கத்தில் கை கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன கலர் சென்ஸ் பாருங்க. இது என்ன சார்ட்?"

ஸ்கேலுக்குத் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். மாதிரிப் பிரதியில் சொந்த விஷயம் எழுதினால் வேலை போகும். எனக்கு அந்த ஒன்றுதான் மண்டையில் ஓடியது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"தண்ணி குடிக்கிற கணக்கு மேடம். ஒரு நாளைக்குப் பத்து டம்ளர். கொஞ்சமா குடிச்சா லைட் கலர், நிறையக் குடிச்சா டார்க்."

"நடுவுல இந்த வெள்ளை?"

"சாப்பாட்டுக்கு நடுவுல தண்ணி குடிக்கக் கூடாது இல்லையா மேடம். வரிசை முழுக்க வெள்ளைன்னா விரத நாள்."

அதை எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பொய் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு இவ்வளவு திறமை வரும் என்று நினைக்கவே இல்லை. மேடம் முகம் மலர்ந்துபோயிற்று. வளையத்தைத் திறந்தார். அது கிளிக் என்று திறப்பதுதான் அந்த நோட்டின் பெருமையே. தாளை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

அக்கா திரும்பி வந்து நோட்டைத் திறந்தார். நான் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இடது காலிலிருந்து வலது காலுக்கு உடம்பை மாற்றிக்கொண்டு, "ஒரு மாசம் தம்பி" என்றார். அவ்வளவுதான்.

மறுபடி எழுதலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மேடம் பாராட்டியதில் ஸ்கேலுக்குத் தலைகால் புரியவில்லை. இனி மாதிரிப் பிரதியைத் தலைமை அலுவலகமே நிரப்பி அனுப்பும் என்று உத்தரவு வந்தது. பழையதை எடுத்துப் போய்ப் புதியதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். அந்தத் தாள் திரும்பி வருமா என்று நான் ஸ்கேலிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன். "அது இப்ப கம்பெனி சொத்து" என்றார். மூன்று வாரமும் எதிரே அக்கா நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாலை ஐந்து மணிக்கு மேல் அவர் ஒரு காலைச் செருப்பிலிருந்து எடுத்துக் கவுண்டருக்குக் கீழே சில்லென்ற கம்பியில் வைப்பார். வாடிக்கையாளர் வந்தால் மறுபடி செருப்புக்குள் திணிப்பார். திணிக்கும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்குக் கலர் தெரியும்.

டாக்டர் தேதி ஒரு புதன்கிழமை. செவ்வாய் மத்தியானம் ஒரு நீளக் குழாய் பார்சல் வந்தது. ஸ்கேல் தானே பிரித்தார். உள்ளே ஐந்து போஸ்டர். ஆள் உயரம் இல்லை, ஆனால் இடுப்பு உயரம் இருக்கும். அக்காவின் தாள் அச்சு அசலாக, ஒரு கட்டம் விடாமல், தேதியும் மணியும் அவர் கையெழுத்திலேயே இருக்க, பெரிதாக்கி அடித்திருந்தார்கள். மேலே கொட்டை எழுத்தில்: 'உங்கள் உடலை நேசியுங்கள். நாளுக்குப் பத்து டம்ளர் தண்ணீர்.' ஸ்கேல் ஏணி போட்டு ஒன்றை நோட்டுக் கவுண்டருக்கு மேலேயே மாட்டினார். மாட்டிவிட்டு இறங்கி, நேராக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். அக்கா அதன் கீழே நின்றார்.

நான் தலையைத் தூக்கவில்லை. ஒரு கால்மணி கழித்து அக்கா ஸ்கேலிடம் போவது தெரிந்தது.

"சார், ஒண்ணு மிச்சம் இருக்கா?"

"எதுக்கு?"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போக."

"தாராளமா. தண்ணி குடிக்கறது ரொம்ப நல்ல பழக்கம். வீட்டுக்காரருக்கும் சொல்லுங்க" என்று ஸ்கேல் பெருந்தன்மையோடு ஒன்றைச் சுருட்டி, வாசலில் காட்ட ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் நடந்தது அக்கா சொல்லித்தான் தெரியும். வீட்டுக்காரரும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாராம். பஸ்ஸில் அவர் பயணியாக உட்கார்ந்து போஸ்டர் குழாயை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் டிரைவர் பிரேக் போடும் விதத்தைக் குறை சொல்லிக்கொண்டே வந்தாராம். டாக்டர் அறையில் மேஜை போதவில்லை. நோயாளிகள் படுக்கும் கட்டிலில் விரித்தார்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டர் தலைப்பைப் படித்தார். அக்காவைப் பார்த்தார்.

"தண்ணியா?"

"இல்லைம்மா. கால்."

அக்கா கலருக்கு அர்த்தம் சொன்னார். டாக்டர் முதல் வரிசையிலிருந்து விரல் வைத்து வந்தார். எட்டாம் நாளிலிருந்து மாலை நேரத்தில் வெளிர்நீலமே இல்லை. இருபதாம் நாளிலிருந்து கத்தரிப்பூ நிறம் மத்தியானமே ஆரம்பித்திருந்தது. வீட்டுக்காரர் கீழ் முனையைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கடைசியில், "நீ சொல்லவே இல்லையே" என்றாராம்.

"சொன்னேன். நீங்க சுருக்கிட்டீங்க" என்று அக்கா சொன்னாராம். அதை என்னிடம் சொல்லும்போது கொஞ்சம் சிரித்தார்.

டாக்டர் லெட்டர் எழுதினார். இந்த ஊழியர் சராசரியாக நாளுக்கு ஒன்பதரை மணி நேரம் நிற்கிறார், உட்கார்ந்து வேலை செய்ய இடம் தரவில்லையென்றால் ஆறாத புண் வரும், அதற்குப் பொறுப்பு வேலை கொடுத்தவர்கள். கீழே, 'இணைப்பு: தங்கள் நிறுவனம் வெளியிட்ட சுவரொட்டி ஒன்று.' கையெழுத்து, முத்திரை.

வியாழக்கிழமை காலை அக்கா அதை ஸ்கேலின் மேஜையில் வைத்தார். ஸ்கேல் படித்தார். போஸ்டரை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி படித்தார். அவர் தோள் கொஞ்சம் வளைந்ததை அன்றைக்குத்தான் முதல்முதலில் பார்த்தேன். பத்து மணிக்குக் கதவு திறக்க வேண்டும், ஒன்பது ஐம்பத்தைந்து ஆகியிருந்தது, பன்னிரண்டு பேரும் அவரவர் இடத்தில் நின்றுகொண்டிருந்தோம்.

"தண்ணின்னு மேடம்கிட்ட யார் சொன்னது?" என்றார். அவருக்கே தெரியும். அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

அக்கா வாயைத் திறந்தார். பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மாதத்தை அவரிடமிருந்து பிடுங்கிக் கொடுத்ததே போதும்.

"நான்தான் சார்" என்றேன். "பயத்துல சொன்னேன்."

ஸ்கேல் என்னைப் பார்த்தார். லெட்டரோடு அவர்கள் போஸ்டரையே இணைப்பாக வைத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அனுப்பாமல் மேஜைக்குள் போட்டிருக்கலாம். போடவில்லை. அந்த மனுஷனைப் பற்றி நான் சொன்னதில் பாதியை இதற்காகத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. நாலே வரி. மேற்படி ஊழியருக்கு மட்டும், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் மட்டும், ஒரு ஸ்டூல் அனுமதிக்கப்படுகிறது. மாதிரிப் பிரதியில் சொந்த விஷயம் எழுதுவது இனி கடுமையான குற்றமாகக் கருதப்படும். எனக்கு எச்சரிக்கை. போஸ்டர் நல்ல வரவேற்பைப் பெற்றிருப்பதால் அது அப்படியே இருக்கட்டும்.

ஸ்டூல் கிடங்கிலிருந்து வந்தது. ஒரு கால் கொஞ்சம் ஆடும். அதற்கு நான் அட்டை மடித்து வைத்தேன். அக்கா உட்கார்ந்தார். கடைக்கு வந்த நாளிலிருந்து அவர் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தோளும் தலையும் மட்டும் தெரிந்தன. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, யாரோ வீட்டுக்குப் போய் உட்கார்ந்தவர்போல், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது வந்தால் எழ வேண்டுமே. அன்றைக்கு முதல் ஒரு மணி நேரத்தில் ஏழு தடவை எழுந்தார்.

இரண்டாம் நாள் அவர் ஒரு கட்டு கட்டத்தாள் எடுத்து, வரிசையில் நின்று பில் போட்டு வாங்கினார். அந்த வழி அதுவரை எங்கள் யாருக்கும் தோன்றியதே இல்லை. பில்லை முதல் தாளில் பின் அடித்து வைத்தார், யாரும் கேள்வி கேட்கக் கூடாதென்று. அதைப் பார்த்துவிட்டு ஸ்கேல் கடந்து போனார். ஆள் இல்லாத நேரங்களில் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து தேதி எழுதினார், மணி எழுதினார். மாலையில் ஒரு தாளைப் பாதைக்குக் குறுக்கே என்னிடம் நீட்டினார். மேலே என் பெயர் இருந்தது. அவர் மடியில் இன்னும் பத்துத் தாள் இருந்தது, பத்துப் பெயரோடு.

"எனக்கு ஒண்ணும் இல்லைக்கா" என்றேன்.

"எழுது. இல்லைன்னா வெள்ளையா இருக்கட்டும்."

மணி ஆறு ஆகியிருந்தது. என் கவுண்டர் பேனாக்களில் ஒன்றை எடுத்து, அந்த மணிக்கான கட்டத்தில் வெளிர்நீலம் போட்டேன். போட்டுவிட்டுத் தாளைத் தூக்கிக் காட்டினேன். அக்கா தாளைப் பார்க்கவில்லை. கவுண்டர் விளிம்பில் ஊன்றியிருந்த என் முழங்கையைப் பார்த்தார். பிறகு கீழே, ஒரு காலை மடக்கி அலமாரிக் கதவில் சாய்த்து நான் நின்றுகொண்டிருந்த விதத்தைப் பார்த்தார்.

"ஒரு பொய் போதும் தம்பி" என்றார்.

நான் காலைக் கீழே வைத்தேன். குதிகாலிலிருந்து முழங்கால் வரை சுரீர் என்று ஏறியது. எத்தனை வருஷமாக அது அங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வேறு பேனாவின் மூடியைத் திறந்து, அந்த வெளிர்நீலத்தின் மேலேயே கருநீலம் போட்டேன்.